நடந்த பிள்ளை விழுந்தால்

தாய்மார்களே, அங்கன்வாடி ஆசிரியைகளே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் அண்ணன்மார்களே, வணக்கம். நான் ராயபுரத்தில் பிறந்தவள். குழந்தைகள் வார்டில் 30 வருஷம் நர்ஸாக இருந்தேன்.

காசிமேட்டு விசைப்படகில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். உப்புக்காற்றில் ஒயரின் மேலுறை அரித்துப்போனால், கம்பி முழுசாக இருந்தும் விளக்கு அணைந்து அணைந்து எரியும். நம் மூளை நரம்பிழைகளுக்கும் மயலின் என்ற வெள்ளைக் கொழுப்புறை உண்டு. அது பரம்பரைக் கோளாறால் அழிந்துபோகிற நோய்களுக்கு லூக்கோடிஸ்ட்ரோபி என்று பெயர்.

அதில் மெட்டாகுரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி, சுருக்கமாக எம்.எல்.டி. என்று ஒன்று. ஆரில்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி குறைவதால், உடைய வேண்டிய ஒரு கொழுப்பு உடையாமல் தேங்கி உறையைக் கெடுக்கிறது. குழந்தை கொழுகொழுவென்றுதான் பிறக்கும். நடக்கும், 'தாத்தா' என்று கூப்பிடும். பிறகு ஒன்றரை, இரண்டு வயதில் அடிக்கடி விழும். நுனிக்காலில் நடக்கும். வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போய்விடும்.

அப்படி ஒரு பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். அதற்குள் எட்டு மாசம் ஓடியிருந்தது. சத்து டானிக், எண்ணெய் நீவல், தாயத்து எல்லாம் ஆகியிருந்தது. ஒரு கிளினிக்கில் 'சோம்பேறிப் பிள்ளை, தானாக நடக்கும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டிலோ 'உன் ராசிதான்' என்று அவளையே குத்தினார்கள். அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. இந்த நோய் வர, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான மரபணுக்கள் சேர வேண்டும். இருவருமே நல்ல ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று மாமனுக்கும் மாமன் மகனுக்கும் பெண் கொடுக்கிற ஊர் நம் ஊர். அத்தை மகனும் மாமன் மகளும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நாலில் ஒரு பங்கை. ஒரே பழுது இரண்டு பக்கமும் சேரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. கட்டியவர்களைக் குறை சொல்ல வரவில்லை. இனிமேல் பேச்சுவார்த்தை நடக்கும் வீட்டில் இதையும் பேசுங்கள்.

மெதுவாகக் கற்கிற பிள்ளை வேறு, கற்றதை இழக்கிற பிள்ளை வேறு. இரண்டாவதைப் பார்த்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். எம்.ஆர்.ஐ., ரத்தத்தில் நொதி, மரபணு மூன்றும் பார்ப்பார்கள்.

எம்.எல்.டி.க்கு மரபணு சிகிச்சை வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2020-இல், அமெரிக்காவில் 2024-இல் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் விலை 42.5 லட்சம் டாலர்! அதுவும் சிறு குழந்தைக்கு அறிகுறி தெரியும் முன்பே கொடுத்தால்தான் நன்றாகப் பலிக்கும். அதனால் மூத்த குழந்தைக்கு நோய் என்ன என்று பெயர் தெரிவது இளையதற்கான வாசல். அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவில் சோதிக்கலாம்.

அந்தத் தாய் அப்படித்தான் சோதித்தாள். பையன் நோயில்லாமல் பிறந்தான். அக்காவுக்கு விழுங்குவது சிரமமான பிறகு, தலையை உயர்த்திப் பிடித்து, கெட்டிக் கூழைச் சின்னக் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அவள்தான் ஊட்டினாள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் துடைத்துவிடுவான்.