மாதக் கடைசி வேலைநாள்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மாவட்டக் கருவூல அலுவலகங்களில் 31 ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கூடலூரில் தொடங்கி, குன்னூர் போய், கோத்தகிரியில் முடித்தேன். பட்ஜெட் சண்டையில் அரசு ஊழியர் சம்பளம் மாட்டிக்கொள்வதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எத்தனையோ பேருடைய சம்பளம் என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அதனால் இது எனக்கு வெறும் செய்தி இல்லை.

சம்பளம் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் மாதத்தின் கடைசி வேலைநாளில் பணம் வங்கிக் கணக்கில் ஏறும். அதற்குப் பல நாள் முன்பே ஒவ்வொரு அலுவலகத்திலும் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, அப்புறம் எங்கள் மலைக்கென்று இருக்கிற மலைப்படி, குளிர்காலப்படி. கூடலூரில் நான் இருந்தபோது, ஆடி மழையில் பள்ளிக்கூடத்து எழுத்தர்கள் பட்டியலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மடியோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். அப்படியும் ஓரம் நனைந்திருக்கும். ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மேசை விளக்கின் சூட்டில் காயவைத்துத்தான் கூட்டல் சரிபார்ப்பேன். ஒரு எண் தப்பினால் ஆட்சேபணை எழுதித் திருப்ப வேண்டும். திருப்பினால் அந்தப் பள்ளியில் அத்தனை பேருக்கும் சம்பளம் தள்ளிப்போகும். அதனால் எழுத்தரை அங்கேயே உட்காரவைத்துத் திருத்தி வாங்கிக்கொள்வோம். இப்போது எல்லாம் 'களஞ்சியம்' என்ற கணினி முறையில் நடக்கிறது.

ஆண்டில் ஒரு மாதம் மட்டும் வழக்கம் மாறும். மார்ச் சம்பளம் மார்ச்சில் வராது, ஏப்ரலில்தான் வரும். அது புது நிதியாண்டின் கணக்கில் எழுதப்படுகிற செலவு. ஆகவே மார்ச் 31 முடிவதற்குள் சட்டமன்றம் புது ஆண்டுச் செலவுக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். முழு ஆண்டுக்கும் கொடுக்கலாம், அல்லது முன்பண மானியமாகச் சில மாதங்களுக்கு மட்டும் கொடுக்கலாம். சட்டத்தின் அனுமதி இல்லாமல் மாநிலத்தின் திரள்நிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கஜானாவிலிருந்து, பணம் எடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 266-ஆவது பிரிவு. கஜானா நிறைந்து கிடந்தாலும் எடுக்க முடியாது. அரசாங்கத்தில் காசு இல்லாமல்தான் சம்பளம் நிற்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். காசு இருந்தும் நிற்கும்.

இப்படி ஒரு நெருக்கடி 2016 மார்ச்சில் உத்தராகண்டில் வந்தது. அதுவும் மலை மாநிலம்தான். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 9 பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொண்டு, செலவுக்குப் பணம் எடுக்க அனுமதி தரும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவுக்குத் தலை எண்ணி வாக்கெடுக்கச் சொன்னார்கள். சபாநாயகர் குரல் வாக்கிலேயே நிறைவேறிவிட்டது என்று அறிவித்தார். நிறைவேறியதா இல்லையா என்ற சண்டை முற்றி, மார்ச் 27-இல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் செலவுக்கு வழி செய்ய மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு மே மாதம் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்து, ஹரிஷ் ராவத் மறுபடியும் முதலமைச்சர் ஆனார். அந்த மார்ச் கடைசி வாரம் நான் நினைத்துக்கொண்டது டேராடூன் கருவூலத்தில் என்னைப் போல உட்கார்ந்திருந்தவர்களைத்தான். பட்டியல் மேசையில் தயாராக இருக்கும். எந்தச் சட்டத்தின் பேரில் பாஸ் செய்வது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துக் கதை இன்னும் கடுமை. அங்கே நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். 2008-இல் அந்தத் தேதி தாண்டியும் பட்ஜெட் நிறைவேறவில்லை. சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது அப்போதைய விதி. வரியைக் கூட்டுவதா, செலவைக் குறைப்பதா என்று இரு கட்சியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜூலை 31 அன்று ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர், நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நடிகர்தான், ஓர் உத்தரவு போட்டார். பட்ஜெட் வரும்வரை சுமார் 2 லட்சம் ஊழியர்களுக்கு மணிக்கு 6.55 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலி மட்டும்தான். மிச்சம் பிறகு.

அந்த மாநிலத்தின் கணக்குத் தலைவர் ஜான் சியாங் மறுத்துவிட்டார். உத்தரவு சட்டப்படி செல்லாது, எங்கள் சம்பளக் கணினி மிகப் பழையது, அத்தனை பேருடைய சம்பளத்தையும் அதில் இப்படி மாற்றி எழுத முடியாது என்றார். கணக்கு வேலை பார்த்தவள் என்பதால் அந்த மனிதர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. நிரந்தர ஊழியர் சம்பளம் குறையவில்லை. ஆனால் அதே உத்தரவில் 10,000 பேருக்கு மேல் தற்காலிக, பகுதிநேர ஊழியர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்காக எந்தக் கணினியும் மறுக்கவில்லை. செப்டம்பர் 23-இல் பட்ஜெட்டில் கையெழுத்தானது.

2010-இல் மறுபடியும் 100 நாள் தாமதம். அந்த நவம்பரில் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு விதியையே மாற்றினார்கள். இனிச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் ஜூன் 15-க்குள் பட்ஜெட்டை நிறைவேற்றாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, பின்னால் நிலுவையாகவும் கிடைக்காது. 2011 ஜூனில் அதே சியாங் அதை நடைமுறைப்படுத்திக் காட்டினார்.

நம் நாட்டில் ஆளுநரின் ஊதியம், சபாநாயகரின் சம்பளம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், அரசுக் கடனுக்கான வட்டி, இவற்றையெல்லாம் சட்டமன்றத்தில் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. அதில் நியாயம் இருக்கிறது. நீதிபதி யாருடைய தயவிலும் இருக்கக் கூடாது. ஆனால் கிராமச் செவிலியர் பார்த்து முடித்த ஒரு மாத வேலைக்கான கூலி மட்டும் ஏன் கட்சிகளின் தயவில் இருக்க வேண்டும்? அதற்கும் இதேபோல ஒரு வேலி போட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. வேலை செய்த நாளுக்கான சம்பளம், பட்ஜெட் இழுபறியானாலும், அரசுகளுக்குள் மோதலானாலும், நிற்கக் கூடாது. தொகுப்பூதியக்காரர்களுக்கும் தற்காலிக ஊழியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதுமலைக் காட்டில் இரவு ரோந்து போகிற வேட்டைத் தடுப்புக் காவலரும், உதகை மார்க்கெட்டை விடியுமுன் பெருக்குகிற தூய்மைப் பணியாளரும் அதில் வர வேண்டும். நிரந்தர ஊழியருக்குச் சம்பளம் தாமதமானால் வங்கி பொறுக்கும், கடைக்காரர் பொறுப்பார். மற்றவர்களிடம் யார் பொறுப்பார்கள்?

நம் வீட்டுக்கே வருகிறேன். சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ரூ.2,152 கோடியை மத்திய அரசு உரிய காலத்தில் விடுவிக்கவில்லை. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது மத்திய அரசு. அது தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதாகும் என்று மாநில அரசு மறுத்தது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. கொள்கையில் ஒத்துவராவிட்டால் வாதாடட்டும், வழக்குப் போடட்டும், அதற்குத்தான் மன்றங்கள் இருக்கின்றன. நடுவில் 2024 செப்டம்பர் மாதச் சம்பளம் அந்தத் திட்டத்து ஊழியர்களுக்கு உரிய நாளில் வராமல் போனது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் பக்கத்து வீட்டுப் பெண் அந்தத் திட்டத்தில் சிறப்பாசிரியர். பந்தலூர்ப் பக்கம் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். ஒன்பது வயதுப் பையன். சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய மடங்கிப்போன விரல்களை இவள் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஒரு கரண்டியைச் சுற்றி மடக்கி, தன் கையால் அதைப் பொத்திக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே கொண்டுபோனாள். இருபது தடவையாவது இருக்கும். பாதி கஞ்சி அவள் புடவையில்தான். யானை நடமாடும் இடம் என்பதால் நாலு மணிக்குள் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும்.

சம்பளம் வராத அந்த நாட்களிலும் அவள் போனாள். "ரெண்டு வாரம் விட்டா விரல் பழையபடி மடங்கிக்கும் அத்தை" என்றாள். ஜீப்காரர் கடனுக்கு ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு நடையையும் தன் சின்ன நோட்டில் தேதி போட்டு, தொகை போட்டு எழுதிவைத்திருந்தாள். கீழே கூட்டலும் போட்டிருந்தாள். பழக்கதோஷத்தில் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. சம்பளம் ஏறிய அன்று அவள் முதலில் போனது ஜீப் ஸ்டாண்டுக்கு.

வணக்கம்.