கானா ராக் டாக்குமெண்டரியில பாட்டு வரி ஏன் கேக்க மாட்டேங்குது?

வியாசர்பாடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "எங்க ஏரியா பசங்க கானாவும் ராக்கும் கலந்து வாசிக்கிறாங்க. அவங்களப் பத்தி டாக்குமெண்டரி எடுக்கறோம். சவுண்ட் போர்டுல (மிக்ஸர்ல) இருந்து நேரா லைன் எடுத்தா பறையே இல்ல. கேமரா மைக்ல பறைதான் இருக்கு, பாட்டு இல்ல. என்ன தப்பு?" ரெண்டு நாளா இந்தக் கேள்விதான் மண்டைக்குள்ள ஓடுது.

தப்பு ஒண்ணும் இல்ல தம்பி. சின்ன இடத்துல பறை, ட்ரம்ஸெல்லாம் மைக் இல்லாமலே காதப் பொளக்கும். அதனால சவுண்ட்காரர் போர்டுல குரலத்தான் ஏத்துவாரு. அந்த லைனையும் எடுங்க. கூடவே இன்னொரு ரெக்கார்டர மேடைக்கு நாலு மீட்டர் முன்னாடி, தலைக்கு மேல உயரத்துல நிறுத்துங்க. ரெக்கார்டர் செட்டிங் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பெரிய அடிக்கு ரெக்கார்டர்ல சத்தம் காட்டுற மீட்டர் மைனஸ் 12 டெசிபல்கிட்ட நிக்கணும். சத்தத்தத் தானா ஏத்தி எறக்குற ஆட்டோ லெவல ஆஃப் பண்ணிடுங்க. அது ஆன்ல இருந்தா ஒவ்வொரு அடிக்கும் மொத்த சத்தத்தையும் அமுக்கும், கூட வர்ற வார்த்தையும் போயிடும். வார்த்தை போச்சுன்னா படம் போச்சு. ரெண்டு ரெக்கார்டிங்கையும் எடிட்டிங்ல பொருத்த ஆரம்பத்துல ஒரு கைத்தட்டு, முடிவுலயும் ஒண்ணு. ஒரு மணி நேரத்துல ரெண்டு மெஷினோட டைமிங்கும் மெல்ல விலகும், கடைசித் தட்டுலதான் அது தெரியும்.

பறையில இன்னொண்ணு. காசிமேடு பக்கம் கடக்காத்து ஈரத்துல தோல் தளந்துடும். நெருப்புல காய்ச்சின உடனே சிண்டு குச்சி (பறை அடிக்கிற மெல்லிசான நீளக் குச்சி) பட்டா சுள்ளுனு இருக்கும், கொஞ்ச நேரத்துல தொம்முனு ஆயிடும். ரெண்டு டேக்கையும் எடிட்டிங்ல ஒட்ட முடியாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி காய்ச்சச் சொல்லுங்க. நெருப்புல காட்டி விரலால தட்டிப் பாப்பாங்கல்ல, அதையும் கிட்டப் போய் எடுங்க.

ஆனா நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு. அந்தப் பாட்டு வரிய ஜனங்களுக்கு எப்படிப் புரிய வெப்பீங்க? தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு சென்னை பேண்ட் 2018 ஜனவரி 6 கீழ்ப்பாக்கத்துல முதல் மேடை ஏறினப்ப, 19 பேர் கானா, ராப், ராக் எல்லாத்தையும் கலந்தாங்க. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறின்னு நேராவே பாடினாங்க. கானாங்கறதே சாவு வீட்டுல விடிய விடிய பாடின பாட்டு. அங்க வாத்தியம் கம்மி, வரிதான் எல்லாம்.

அதனால பேட்டியில "சமூகக் கருத்து என்ன"ன்னு கேக்காதீங்க. ஃபேன நிறுத்துங்க, காலர் மைக்க நெஞ்சுல குத்துங்க, மியூசிக் இல்லாம நாலே வரி பாடச் சொல்லுங்க. ஒவ்வொரு வரியும் எந்தத் தெருவுல, எதனால வந்துச்சுன்னு கேளுங்க. படத்துல இத முன்னாடி வெச்சு, கச்சேரிய அடுத்து வைங்க. அதே வரி பறைக்கு நடுவுல வந்தாலும் அப்ப ஜனங்களுக்குக் கேக்கும்.