சொல்லாமல் கெடும் உறவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புலவர் பெருமக்களே, தம் நேரத்தில் பத்து நிமிடத்தை எனக்கு விட்டுக்கொடுத்த பேராசிரியர் அம்மா அவர்களே, பத்திரிகை நண்பர்களே, மழையென்றும் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனியாக நன்றி.

போகாமல் கெட்டது உறவு, கேளாமல் கெட்டது கடன் என்பார்கள். சொல்லாமலும் உறவு கெடும் என்பது என் கட்சி. உறவுச் சொற்களைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: மறைந்தவை, தேய்பவை, இனி வேண்டியவை.

முதலில் மறைந்தவை. என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை. என் தாய் யாய், உன் தாய் ஞாய். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் நால்வருமே வருகிறார்கள். அக்கா தங்கையை மணந்தவர்கள் சகலைகள், அண்ணன் தம்பி மனைவியர் ஓரகத்திகள், பெண் கொடுத்தவரும் எடுத்தவரும் சம்பந்திகள். இத்தனை நுணுக்கமாகப் பெயர் வைத்த நாம், தாயில்லாப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வந்தவளுக்கு வைத்த பெயர் மாற்றாந்தாய்!

என் அண்ணன் மகளுக்கு ஐந்து வயதில் தாய் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து அண்ணன் மறுமணம் செய்துகொண்டார். சித்தி என்று கூப்பிடலாம்தான். ஆனால் பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு சித்திகள். அப்புறம் ஒருநாள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட அண்ணி பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்த ஒருவர், பத்துப் பேர் காதில் விழ, "மாற்றாந்தாயா?" என்று கேட்டுவிட்டார். அண்ணி தலை குனிந்துவிட்டார். பிள்ளை குனியவில்லை. "இல்ல சார், இவங்க எங்க வந்தம்மா" என்றாள். "அப்படின்னா?" "அப்பாவோட அம்மா அப்பம்மா. அம்மாவோட அம்மா அம்மம்மா. இவங்க எங்களுக்காக வந்த அம்மா. வந்தம்மா."

ஏழு வயதுப் பிள்ளை! இலக்கணம் படிக்காமலேயே அப்பம்மா, அம்மம்மா வரிசையில் கச்சிதமாக ஒரு சொல்லைக் கட்டிவிட்டாள். சுவீடன் மொழியிலும் இப்படிப்பட்ட தாயை இப்போது 'போனஸ் அம்மா' என்கிறார்கள். கூடுதலாகக் கிடைத்தவள் என்று பொருள்.

நாமோ, எங்காவது பாரபட்சம் நடந்தால் உடனே 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று மேடையில் முழங்குகிறோம், தலையங்கம் எழுதுகிறோம். யாரோ நிதி தராததற்கு அந்தப் பெண்கள் ஏன் திட்டு வாங்க வேண்டும்? போகாமல் கெட்ட உறவைப் போய்ச் சரிசெய்யலாம். நாமே தினமும் சொல்லிச் சொல்லிக் கெடுப்பதை என்ன செய்வது?

மற்ற இரண்டு செய்திகளுக்கு நேரமில்லை, தலைவர் பொறுத்தருள வேண்டும். 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்ற தொடரை இனி மேடையிலும் அச்சிலும் பயன்படுத்துவதில்லை என்ற தீர்மான வரைவை அவரிடம் கொடுத்திருக்கிறேன். வாசிக்கும்போது கை தூக்குங்கள். பத்திரிகை நண்பர்கள் இன்றிரவுச் செய்தியிலேயே தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது.