ஜப்பானிய இராணுவ வாள்: துடைப்பதற்கு முன் படியுங்கள்

[காட்சி: மேசை விரிப்பின் மேல் இரண்டு வாள்கள், உறையிட்ட நிலையில்]

மேசையில் உள்ள இந்த இரண்டு வாள்களும் முதற்பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். காக்கி வண்ணம் பூசிய இரும்பு உறை, செர்ரிப் பூ பொறித்த உலோக அணிகள், திருக்கை மீன் தோலின் மேல் பட்டையாகச் சுற்றிய பழுப்பு நாடா ஆகிய அனைத்தும் இரண்டுக்கும் பொது. ஆனால் ஒன்றின் உள்ளே 1940-களில் செக்கி நகரத்துப் பட்டறையொன்றில் அவசரமாகச் செய்து முடித்த அலகு இருக்கலாம். மற்றொன்றின் உள்ளே, ஒரு குடும்பத்தில் பல தலைமுறைகளாக இருந்து, போருக்குப் புறப்பட்ட மகனுக்காக இராணுவ உறைக்கு மாற்றப்பட்ட நானூறு ஆண்டுப் பழைய அலகு இருக்கலாம். உறையும் பிடியும் வாளின் சட்டை மட்டுமே. சட்டையைப் பார்த்து ஆளின் வயதைச் சொல்ல முடியாதது போலவே, அணிகளைப் பார்த்து அலகின் வயதைச் சொல்ல முடியாது.

ஆயினும் சட்டையும் சில செய்திகளைச் சொல்லும் என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம். 1876-இல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்த பின்னர், இராணுவ அதிகாரிகள் ஐரோப்பிய பாணியில் விரல்களை மறைக்கும் வளைவுக் காப்புடன் கூடிய வாள்களை அணிந்தனர். 1930-களில் தேசிய உணர்வு உச்சத்தை எட்டியபோது பழைய சாமுராய் வாளின் வடிவம் படைக்குள் திரும்பி வந்தது. சேகரிப்பாளர்கள் பேசும் 94, 95, 98 ஆகிய வகை எண்கள் ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கின் கடைசி இரண்டு இலக்கங்களாகும். நம் ஆண்டுடன் 660-ஐக் கூட்டினால் அந்தக் கணக்கு கிடைக்கும். எனவே 94-ஆம் வகை 1934-ஐயும், 95-ஆம் வகை 1935-ஐயும், 98-ஆம் வகை 1938-ஐயும் குறிக்கின்றன.

[காட்சி: உறையின் தொங்கு வளையங்கள், அண்மையில்]

94-ஆம் வகை அதிகாரி வாளின் உறையில் இரண்டு தொங்கு வளையங்கள் உண்டு; 98-ஆம் வகையில் பெரும்பாலும் ஒன்றுதான். கருப்பு அரக்குப் பூசிய உறையும் இரண்டு வளையங்களும் பொன்முலாம் அணிகளும் சேர்ந்திருந்தால் அது கடற்படை அதிகாரியின் வாளாக இருக்கும். பிடியில் தொங்கும் குஞ்சமும் பதவியைச் சொல்லும்: பழுப்பும் நீலமும் கலந்தது லெப்டினன்ட், கேப்டன் நிலைக்கு; பழுப்பும் சிவப்பும் கலந்தது மேஜர் முதல் கர்னல் வரையிலான நிலைக்கு. ஆனால் குஞ்சத்தை எவரும் எந்த வாளிலும் கட்டிவிட முடியும் என்பதால், அதை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவரின் கையில் முதலில் வந்து சேருவது பெரும்பாலும் 95-ஆம் வகையாகத்தான் இருக்கும். இது அதிகாரிக்கு உரியதன்று. சார்ஜென்ட் முதலான கீழ்நிலைத் தலைவர்களுக்கு அரசே இயந்திரத்தில் செய்து வழங்கிய வாள். இதன் பிடி நாடா சுற்றியது போலத் தோன்றினாலும் அது வார்ப்பு அலுமினியத்தின் மேல் தீட்டிய வண்ணமே. மிகத் தொடக்க கால வாள்களில் செம்புப் பிடியும், போரின் இறுதிக் காலத்தில் மரப்பிடியும் உண்டு. அலகின் இருபுறமும் நீண்ட பள்ளம் ஓடும். காப்புத் தகட்டை ஒட்டி அலகில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். உறையின் வாயிலும் அதே எண் இருந்தால் இரண்டும் பிறந்ததிலிருந்தே பிரியாதவை என்று பொருள். போலிகள் மிகுதியாக உலவுவதும் இந்த வகையில்தான். பித்தளைப் பிடி, கூர்மையின்றி மழுங்கிய வார்ப்பு விவரங்கள், கையால் கிறுக்கியது போன்ற எண்கள் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். இந்த வகை வாளின் பிடியைக் கழற்ற வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் உள்ளே படிப்பதற்குக் கொல்லனின் பெயர் எதுவும் இருக்காது.

[காட்சி: அதிகாரி வாளின் பிடியிலிருந்து மூங்கில் முளை வெளியே வருகிறது]

அதிகாரி வாளின் நிலை முற்றிலும் வேறு. அலகின் அடிப்பகுதி பிடிக்குள் நீண்டு செல்கிறது. ஜப்பானியர் அதை நக்காகோ என்பர். வாளின் பிறப்புச் சான்று அங்கேதான் இருக்கிறது. பிடியின் குறுக்கே செருகியுள்ள மூங்கில் முளை ஒருபுறம் சற்றுக் குறுகியிருக்கும். குறுகிய பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பி ஒன்றை வைத்து மெல்லத் தட்டினால் அது மறுபுறம் வெளியேறும். பின்னர் இடது கையால் பிடியின் நுனியைப் பற்றி, அலகைச் சற்றே சாய்த்து மேல்நோக்கி நிறுத்தி, வலது கை முட்டியால் இடது மணிக்கட்டின் மேல் தட்டினால் அலகு தளர்ந்து எழும்பும். எண்பது ஆண்டு வியர்வையும் துருவும் பிடித்து இறுகியிருந்தால் பொறுமை தேவை. சுத்தியலோ பட்டறைப் பிடியோ இந்த வேலைக்கு ஆகாது. காப்புத் தகட்டின் இருபுறமும் அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகளை எடுக்கும் வரிசையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரே எண் பொறிக்கப்பட்டிருந்தால் அந்தத் தொகுப்பு கலையாமல் வந்திருக்கிறது.

நக்காகோவில் முதலில் பார்க்க வேண்டியது துருவின் நிறம். நூற்றாண்டுகள் கடந்த இரும்பில் துரு ஆழ்ந்த கரும்பழுப்பாக, ஏறத்தாழ வழவழப்பாகப் படிந்திருக்கும்; போர்க்கால அலகில் உலோகத்தின் சாம்பல் நிறம் இன்னும் தெரியும், அரம் ஓடிய தடங்களும் கூர்மையாக இருக்கும். அடுத்து, உளியால் வெட்டிய எழுத்துகள். ஒரு பக்கம் கொல்லனின் பெயரும் மறுபக்கம் தேதியும் இருப்பது வழக்கம். தேதி, பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக் கணக்கான ஷோவா ஆண்டில் இருந்தால் அதனுடன் 1925-ஐக் கூட்டுங்கள். ஷோவா 17 என்பது 1942. ஜப்பானிய எழுத்தறியாதவரும் இதைப் படித்துவிடலாம், ஏனெனில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை அத்தனை கிடைக்கோடுகளே. பத்து என்பது நம் கூட்டல் குறி போன்றது.

பெயருக்கு அருகில் சிறு முத்திரை ஏதேனும் உண்டா என்பதையும் உருப்பெருக்கியால் பாருங்கள். ஷோவா அல்லது செக்கி முத்திரை இருந்தால், அலகு மரபு முறைக்கு மாறாக, ஆலை எஃகில் செய்து எண்ணெயில் தோய்ச்சல் போட்டதாகக் கொள்ளலாம். ஐந்து முனை நட்சத்திர முத்திரை இருந்தாலோ செய்தி வேறு: அது இராணுவம் அங்கீகரித்த கொல்லர், தமஹகானே என்னும் மரபு எஃகை மடித்து அடித்துச் செய்த வாள். டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் 1933 முதல் 1945 வரை செய்யப்பட்ட சுமார் 8,100 வாள்களும் மரபு வழிப்பட்டவையே. தென் மஞ்சூரிய இரயில்வே தன் சொந்த எஃகில் செய்த வாள்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட தனி இனம். அவற்றுக்கென்றே அலையும் சேகரிப்பாளர்கள் உண்டு.

[காட்சி: ஒற்றை விளக்கொளியில் அலகு மெல்லத் திரும்புகிறது]

வெட்டு வாயை ஒட்டி ஓடும் நெளிகோட்டுக்கு ஹமோன் என்று பெயர். அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் நம் ஊர்க் கொல்லருக்கு இதன் தத்துவம் புதிதன்று. களிமண் பூச்சின் தடிப்பை மாற்றுவதால் வாய் விரைந்து குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கிறது. நீரில் தோய்த்த நல்ல அலகை விளக்கின் முன் சாய்த்தால் அந்தக் கோட்டில் பனிமூட்டமும் அதனுள் மின்னும் நுண்மணிகளும் தெரியும். எண்ணெயில் தோய்த்ததில் மணிகள் அரிது. அமிலத்தால் வரைந்த போலிக் கோடோ எந்தக் கோணத்திலும் மாறாமல், சுவரில் சுண்ணாம்பால் இழுத்தது போலத் தட்டையாகவே இருக்கும்.

இனிச் சீரமைப்பு. இந்தச் சொல்லைக் கேட்டதும் உப்புத்தாளைத் தேடும் கைகளை முதலில் கட்டிப்போட வேண்டும். நக்காகோவின் துருவைச் சுரண்டுவது, பத்திரத்தின் மையை அழித்துவிட்டுத் தாள் வெண்மையாகிவிட்டது என்று மகிழ்வதற்கு ஒப்பானது. அதை மென்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலகில் பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த மென்தாளை முதுகுப்புறமிருந்து பிடித்து, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் துடைக்கலாம். பின்னர் கிராம்பு வாசனையுள்ள சோஜி எண்ணெயையோ தையல் இயந்திர எண்ணெயையோ மிக மெல்லிய படலமாகத் தடவினால் போதும். வாளைத் தட்டும் வெண்பொடிப் பந்தைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடி மெருகுக் கல்லின் தூள் என்பதால், அடிக்கடி பயன்படுத்தினால் அதுவே மெருகைத் தேய்த்துவிடும். அணிகளின் முதிர்ந்த நிறத்தையும் உறையின் காக்கி வண்ணத்தையும் அப்படியே விடுங்கள். பளபளக்கும் பித்தளையைக் கண்டு அனுபவமுள்ள சேகரிப்பாளர் எவரும் விலையைக் கூட்டமாட்டார்.

அலகுக்கு மெருகேற்றும் வேலை தொகிஷி எனப்படும் கலைஞருக்கு மட்டுமே உரியது. பல வகை நீர்க்கற்களில் வாரக்கணக்கில் தேய்க்கும் அந்த வேலையின் கூலி, பெரும்பாலான போர்க்கால வாள்களின் விலையையே தாண்டிவிடும். ஒவ்வொரு மெருகும் எஃகைக் கொஞ்சம் தின்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். இன்னொரு பெரும் ஆபத்து உண்டு. ஜப்பானியச் சட்டம் கலைமதிப்புள்ள மரபு வாள்களை மட்டுமே பதிவு செய்ய இடமளிக்கிறது. ஆலையில் செய்த வாளை மெருகேற்ற அங்கே அனுப்பினால் அது பறிமுதலாகித் திரும்பாமலே போகலாம். இந்தியாவிலும் வாள்கள் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை. உங்கள் மாவட்டத்து விதியைக் கேட்டறிந்த பின்னரே வாங்குங்கள்.

[காட்சி: பிடியில் நூலால் கட்டிய, பழுப்பேறிய துணிச்சீட்டு]

1945-இல் தென்கிழக்கு ஆசியப் படைகளின் தலைவர் மவுண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாள்களை நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த பிரிட்டிஷ், இந்தியப் படையினரின் பெட்டிகளில் இத்தனை வாள்கள் ஊர் வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒப்படைத்தவர்களில் சிலர் தம் பெயரையும் ஊரையும் எழுதிய சிறு சீட்டை வாளில் கட்டிக் கொடுத்தனர். அழுக்குத் துணி என்று எண்ணி முதல் நாளிலேயே அறுத்தெறியப்படுவதும் அதுவே. உங்கள் வாளில் அப்படி ஒன்று இருந்தால், அவிழ்க்காமல் இருபுறமும் படம் எடுத்துவிட்டு, எண்ணெய் படாதபடி மேலே தாளைச் சுற்றி வைத்த பிறகு அலகைத் தொடுங்கள்.