கிடைக்கோடு என்ன சொல்கிறது? தூர–நேர வரைபும் கதி–நேர வரைபும்

வணக்கம் உறவுகளே. யாழ் நகரில் 480 ரூபா கொடுத்து வாங்கிய சாதாரண தர விஞ்ஞான வினாவிடைத் தொகுப்பு இதோ என் கையில் இருக்கிறது. சென்ற ஆண்டு இது 400 ரூபா. விலையில் 80 ரூபாவைக் கூட்டியவர்கள், வரைபுகளைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, சதுரக் கோடுகளையும் எடுத்துவிட்டார்கள். சதுரம் இல்லாத வரைபில் ஒரு பிள்ளை பெறுமானத்தை எப்படி வாசிக்கும்? 80 ரூபாவுக்கு நல்ல வரைபுத்தாள்களே வாங்கியிருக்கலாம்.

விலையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், விடையைப் பொறுக்க முடியவில்லை. தூர–நேர வரைபு ஒன்றில் 20ஆம் செக்கனிலிருந்து 30ஆம் செக்கன் வரை கோடு கிடையாகச் செல்கிறது. அதற்கு, பொருள் சீரான கதியில் இயங்குகிறது என்று விடை அச்சிட்டிருக்கிறார்கள். நேரம் போகிறது, தூரம் கூடவில்லை என்றால் பொருள் ஓய்வில் இருக்கிறது என்பதே அர்த்தம். அதே கிடைக்கோடு கதி–நேர வரைபில் இருந்தால்தான் கதி சீரானது. நிலைக்குத்து அச்சில் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள் என்று நான் ஒவ்வொரு வீடியோவிலும் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பண்ணைப் பாலத்து நேர் வீதியில் ஒருவர் சைக்கிளில் புறப்படுகிறார் என்று கொள்வோம். முதல் 10 செக்கனில் கதி சீராகக் கூடி, செக்கனுக்கு 5 மீற்றரை அடைகிறது. அடுத்த 20 செக்கன் அதே கதி. பின்னர் பிரேக் பிடித்து 5 செக்கனில் நிற்கிறார். கதி–நேர வரைபில் இது ஒரு சரிவகம். ஏறும் கோட்டின் படித்திறன், அதாவது சரிவு, 0.5. அதுவே ஆர்முடுகல், ஒவ்வொரு செக்கனிலும் கதி கூடும் அளவு. இறங்கும் கோட்டின் படித்திறன் −1, அது அமர்முடுகல், அதாவது கதி குறைதல். எனக்கு மிகவும் பிடித்தது கோட்டின் கீழுள்ள பரப்பளவுதான், அதுவே சென்ற தூரத்தைத் தரும்: 25, 100, 12.5 என்று மூன்று துண்டுகளையும் கூட்டினால் அவர் சென்ற தூரம் 137.5 மீற்றர். இவ்வாறு பரப்பளவைத் தூரமாகக் காணும் வழியை 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு அறிஞர் நிக்கோல் ஒரேம் வரைந்து காட்டியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது.

இரண்டு கோடுகள் வெட்டும் இடத்திலும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கதி–நேர வரைபில் வெட்டுப்புள்ளி அந்தக் கணத்தில் இருவரின் கதியும் சமம் என்று மட்டுமே சொல்லும். இருவரும் ஓரிடத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் புகையிரத ஓட்டங்களைத் திட்டமிடும் வரைபில் கோடுகள் வெட்டினால் இரண்டு வண்டிகளும் சந்திக்கின்றன. மாகோ சந்தி நிலையத்துக்கு வடக்கே நமது யாழ்ப்பாணப் புகையிரதப் பாதை ஒற்றைத் தண்டவாளம் என்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து போகும் வண்டியும் கொழும்பிலிருந்து வரும் வண்டியும் வெட்டும் புள்ளி, ஒதுங்கி நிற்க இரண்டாவது தண்டவாளம் உள்ள நிலையத்திலேயே விழ வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். புகையிரத வரைபின் நிலைக்குத்து அச்சு குறிப்பது இடத்தை. சென்ற மொத்தத் தூரத்தை அல்ல. அதனால்தான் ஒரு வண்டியின் கோடு ஏற, எதிரே வருவதன் கோடு இறங்குகிறது. மொத்தத் தூரத்தைக் காட்டும் தூர–நேர வரைபில் கோடு ஒருபோதும் இறங்காது. அந்தத் தொகுப்பின் அடுத்த பக்கத்தில் அப்படியும் ஒன்று இறங்குகிறது!

இனி அந்தச் சைக்கிள் பயணத்தின் தூர–நேர வரைபை நீங்கள் வரையுங்கள். முதலில் மேல்நோக்கி வளையும், நடுவில் நேர்கோடாகும், கடைசியில் மெல்லத் தட்டையாகும். 35ஆம் செக்கனில் 137.5 மீற்றருக்கு வந்து கிடையாகாவிட்டால், பரப்பளவை மறுபடி கூட்டிப் பாருங்கள்.