செங்காந்தளை நேர்ல பாத்திருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். குரூப் ஃபோருக்குப் படிக்கிற பிள்ளைங்க நெறய பேரு முன்னாடி உக்காந்திருக்கீங்க. தமிழ்நாட்டோட மாநில விலங்கு வரையாடு, பறவை மரகதப்புறா, மரம் பனை, பூ செங்காந்தள், 2019ல அறிவிச்ச பட்டாம்பூச்சி தமிழ் மறவன்னு மூச்சு விடாம சொல்லிடுவீங்க, ஆனா இதுல எத்தனைய நேர்ல பாத்தா அடையாளம் தெரியும்? எனக்கு அதுதாங்க கவலை.

வரையாட்ட எடுத்துக்குங்க. முக்குருத்தி, ஆனைமலைன்னு மேல சோலைக்காட்ட ஒட்டின புல்வெளியில மேயும், ஆபத்துன்னா செங்குத்துப் பாறையில ஏறி நின்னுக்கும். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து அந்தப் புல்வெளியில சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டு நட்டு அது மேயுற எடத்தையே சுருக்கிட்டோம். 2024 கணக்கெடுப்புல நம்ம மாநிலத்துல 1,031தான் இருந்துச்சு, அடுத்த வருசம் 1,303ன்னு வந்தப்போ நெஜமாவே சந்தோசமா இருந்துச்சுங்க.

பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க, இத ஊர்ல நாலு பேருக்குச் சொல்லுங்க.

இப்ப காந்தளுக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூவ அடுக்குறாரே, அதுல மொத பூவே இதுதாங்க. மழை பெஞ்சதும் வேலியில படரும், இலை நுனியே சுருண்டு கம்பியப் பிடிச்சுக்கும். பூ விரியுறப்போ அடியில மஞ்சளும் மேல செவப்புமா இருக்கும், நாளாக நாளாக முழுசும் செவந்துடும், இதழெல்லாம் தீ மாதிரி மேல் நோக்கி வளைஞ்சு நிக்கும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இத வெதைக்காகவே பயிர் பண்றாங்க. பூவோட பெண் பாகமான சூல்தண்டு பக்கவாட்டுல மடங்கி மகரந்தத்த விட்டுத் தள்ளி நிக்கிறதால, காலையில ஆளுங்க செடி செடியா போயி கையாலயே மகரந்தத்த எடுத்துத் தடவி விடணும், அப்பதான் காய் நல்லா பிடிக்கும். அந்த வெதையிலேர்ந்து எடுக்குற கோல்ச்சிசின்தான் கௌட் மூட்டுவலிக்கு மருந்தாகுது. அதே கோல்ச்சிசின் கிழங்குலயும் இருக்கு, தின்னா ஆளையே கொன்னுடும், அதனால வேலியில பாத்தீங்கன்னா பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயி பூவக் காட்டுங்க, கிழங்கத் தோண்ட மட்டும் விடாதீங்க.