கரி நெருப்பு 120 டிகிரியிலேயே 5 மணி நேரம் நிக்கணுமா? நம்ம ஊரு வெக்கையில செய்ற முறை

[திரையில்: கெட்டில் அடுப்பு மூடியின் வெப்பமானி, முள் 180-ல்]

இந்த முள்ளைப் பாருங்க. 180. கறிக்கு வேண்டியது 120. கீழ்த் துவாரத்தைச் சாத்தினா கொஞ்ச நேரத்துல நெருப்பு செத்துப்போகுது. திறந்தா மறுபடி எகிறுது. நடுவுல நிக்கவே மாட்டேங்குதா? பழியைக் கரிக்கடைக்காரர் மேல போடாதீங்க.

வணக்கம். அடுப்பு 57 செண்டிமீட்டர் கெட்டில், அதாவது மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பு. இடம் சிங்கப்பூர்ல ஒரு தரைவீட்டுத் தோட்டம். பூங்காவுல இருக்கிற திறந்த பார்பெக்யூ குழிக்கு இந்த வித்தை எடுபடாது, மூடி இல்லையே. அறிமுகம் போதும்.

அமெரிக்க வீடியோவுல "துவாரத்தைப் பாதி திற"ன்னு சொல்றாங்க. அங்க வெளியில 5 டிகிரி இருக்கலாம், இங்க 31. உள்ள 120 வச்சா, தகடு வழியா வெளிய போற சூடு நமக்கு ஏறக்குறைய கால்பங்கு கம்மி. அப்போ சின்ன நெருப்பே போதும். ஆனா மேல் துவாரம் வழியா சூடான காத்து ஏறி, கீழேயிருந்து புதுக் காத்தை இழுக்குதில்ல, அந்த இழுப்பும் வெளிக்காத்து சூடா இருந்தா பலவீனம். அதே 5 டிகிரியோட ஒப்பிட்டா சுமார் 30 விழுக்காடு குறையுது. நெருப்பும் சின்னது, இழுப்பும் சோகை. அதான் கொஞ்சம் சாத்தினாலே அணையுது.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அமெரிக்காவோட பென்சில்வேனியாவுல ஆந்திரசைட்ங்கிற கெட்டியான நிலக்கரி அடுப்புல வீட்டைச் சூடாக்குறவங்களுக்கு இதே தலைவலி. கடுங்குளிர்ல அடுப்பு தானா ஓடும். வசந்தத்துல வெளியில 10, 15 டிகிரி ஆனதும் புகைபோக்கி இழுப்பு குறைஞ்சு நெருப்பு படுத்துடும். புதுசா வந்தவங்க என்ன பண்ணுவாங்க? குளிர் குறைஞ்சிடுச்சேன்னு நிலக்கரியைக் கம்மியாப் போடுவாங்க. அவ்வளவுதான், அணைஞ்சுடும்! ஆந்திரசைட் மெல்லிசாப் பரப்பினா எரியாது, ஒன்னோட ஒன்னு சூடு கொடுத்தாத்தான் எரியும். விவரம் தெரிஞ்சவங்க அடுப்பை எப்பவும்போல ரொப்பிடுவாங்க. சாம்பல் தட்டுறதை மட்டும் குறைப்பாங்க. கம்பித்தட்டு மேல தங்குற சாம்பல் காத்தை மட்டுப்படுத்தும், நெருப்பு நீறு பூத்து மெதுவா ஓடும். சாம்பலையே குழாய்த் திருகு மாதிரி பயன்படுத்துறாங்க, என்ன மூளை பாருங்க!

நாம எடுத்துக்க வேண்டியது: கரியைக் குறைக்காதீங்க, ஒரே நேரத்துல எரியுற கரியைக் குறைங்க.

[திரையில்: மேலிருந்து, கரித்தட்டு]

பிரிக்கெட் கரியை, அதாவது தூளை அழுத்திச் செஞ்ச ஒரே அளவுக் கரிக்கட்டியை, ஓரமாவே அடுக்குங்க. கீழ ரெண்டு வரிசை, மேல ரெண்டு வரிசை, அரை வட்டத்துக்குக் கொஞ்சம் கூட. ஒன்னை ஒன்னு தொடணும், இடைவெளி விழுந்தா நெருப்பு அங்கேயே நிக்கும். எட்டே எட்டு கரியைத் தனியா பத்தவச்சு, மேல்பக்கம் சாம்பல் பூத்ததும் ஒரு முனையில வைங்க. இருபது வச்சீங்கன்னா அதான் அந்த 180. நடுவுல அலுமினியத் தட்டுல ஒரு லிட்டர் வெந்நீர். கறி அதுக்கு மேல.

பக்காவ் கரி வாங்கினவங்களுக்கு, அதாவது மலேசியாவோட பேராக்ல, கோலா செபெத்தாங் பக்கத்துல சதுப்புநில மரத்தைச் சுட்டு எடுக்குற கரி. நல்ல கரிதான், ஆனா கோணல்மாணலா இருக்கும், வரிசை கட்டாது. அதை ஒரு பக்கமாக் குவிச்சு, பத்தவச்ச ஆறேழு துண்டை உச்சியில வைங்க. நெருப்பு மேலேருந்து கீழ இறங்கும். எந்தக் கரியா இருந்தாலும் மூடி போட்ட டின்ல வைங்க. நம்ம ஊரு ஈரப்பதத்தைக் குடிச்ச கரி வெடிக்கும், பத்தவே பத்தாது.

மேல் துவாரம் பாதிக்குக் குறையவே கூடாது, அடைச்சா புகை தேங்கிக் கறி கசக்கும். கட்டுப்பாடு முழுக்கக் கீழ்த் துவாரத்துல. முள் 100 தொட்டதுமே கால்வாசிக்குக் கொண்டுவந்துடுங்க. 120-ல சாத்தலாம்னு காத்திருந்தா போச்சு, சூடான இரும்பு சீக்கிரத்துல ஆறாது. ஒவ்வொரு அசைவுக்கும் 15 நிமிஷம் பொறுங்க. மூடியைத் திறந்து திறந்து பாக்காதீங்க ப்ளீஸ்! திறந்தா முள் இறங்கும், நெருப்போ காத்தைக் குடிச்சுப் பெருசாகும்.

மூணாவது மணி நேரத்துல முள் தானா இறங்குதா? கீழ்த் துவாரத்தைச் சாம்பல் அடைச்சிருக்கும். துவாரத்தைத் திறந்து மூடுற நெம்புகோலை ஒரே ஒரு தடவை மெதுவா ஆட்டுங்க. தேக்காவுல வாங்கின ஒன்றரைக் கிலோ ஆட்டுத் தோள்கறி நாலஞ்சு மணி நேரம் எடுக்கும், எலும்போரம் 93 டிகிரி வந்தா எடுத்துடலாம்.

இதை மட்டும் சிரிக்காம சொல்றேன். காத்து குறைஞ்ச நெருப்பு கார்பன் மோனாக்சைடு கக்கும், வாசனையே வராது. வீவக அடுக்குமாடி வீட்டுக்குள்ள, தாழ்வாரத்துல, கண்ணாடி சாத்தின பால்கனியில கரி கூடவே கூடாது. முடிஞ்சதும் ரெண்டு துவாரத்தையும் சாத்துங்க, மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். சாம்பலை இரும்பு டின்ல தண்ணி ஊத்திக் கலக்கி, ஒரு நாள் கழிச்சுத்தான் கொட்டணும். குப்பைக் குழாய்ல சுடச்சுடக் கொட்டினா, கீழ இருக்கிற குப்பைத்தொட்டி பத்திக்கும்.

உங்க முள் எத்தனையில நிக்குதுன்னு கமெண்ட்ல போடுங்க. 180-னு போடுறவங்க, எத்தனை கரி பத்தவச்சீங்கன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க.